இந்த முறை தண்ணீரை நீ பார்

கண்ணு,

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்த உங்கம்மா, "இதென்னுங்க, யானைக்குத் தெச்ச பேண்ட்டாட்ட இருக்குது" என்றாள். மார்பு வரை ஏறும் கால்சட்டை, தோளில் மாட்ட வார், பாதத்துக்கு ரப்பர் உறை. ஒரு சொட்டு உள்ளே வராது என்று நீ சொன்னாயே, அதை அப்படியே நம்பாமல் குளியலறையில் பெரிய டப்பில் தண்ணீர் பிடித்து, அதைப் போட்டுக்கொண்டு உள்ளே நின்று பார்த்தேன். வரவில்லை. கண்ணாடியிலும் பார்த்தேன், மோசமில்லை. பழைய காக்கி பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு மலைத் தண்ணீரில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற மனுஷனுக்கு இந்த வயதில் இப்படி ஒரு ராஜ மரியாதை. உடனே உன்னைக் கூப்பிட்டு, "நெம்ப நல்லாருக்குது கண்ணு" என்றேன். நீ, "சந்தோசமுங்கப்பா" என்றாய். அதோடு போனை வைத்துவிட்டோம். நான் சொல்ல வந்தது வேறு. அது வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போய்விட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போனில் நாம் பேசுகிற லட்சணம் உனக்கே தெரியும். நான் ஒன்று சொன்னால் நீ "செரிங்கப்பா" என்பாய். நீ ஒன்று சொன்னால் நான் "பாத்துக்கலாம் கண்ணு" என்பேன். யார் யாருக்கு எதை ஒத்துக்கொண்டோம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. நம் ஊர்க்காரர்களுக்கு எல்லாம் வரும். "வேண்டாம்" என்று சொல்ல மட்டும் வராது. கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தவரிடம், போக முடியாது என்று தெரிந்தும், "வந்தர்றோமுங்க" என்று சொல்லி அனுப்புகிற கூட்டம் நாம். கடிதத்தில் குறுக்கே நீ "செரிங்கப்பா" சொல்ல முடியாது. அதனால் முழுசாகப் படித்துவிடு.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை ட்ரவுட் மீன் பிடிக்க மலைக்குப் போகிறோம். நீயும் மாப்பிள்ளையும் வெள்ளிக்கிழமையே பெங்களூரிலிருந்து கொடுமுடிக்கு வந்து, மாப்பிள்ளையின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறீர்கள். நானும் உங்கம்மாவும் இங்கிருந்து வருகிறோம். மேட்டுப்பாளையத்தில் சந்திப்பு. சம்பந்தி போன வாரம் போனில், "நீங்க தண்ணியப் பாத்து ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க, நான் கண்ண மூடிட்டு எறங்கீருவேன்" என்றார். நீயும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாய். எல்லாரும் என்னை நம்பி வருகிறீர்கள். ஆனால் அம்மணி, என் இடது கால் இப்போது நம்பும்படியாக இல்லை. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. ஓடையைப் பார்ப்பதில் பாதி கண் வேலை, பாதி கால் வேலை. ஆகவே இந்த முறை தண்ணீரை நீ பார்க்க வேண்டும். இறங்கலாமா வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன் கை நல்ல கை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இறகும் நூலும் சுற்றிய அந்தப் பொய்ப்பூச்சியை நீ வீசினால், அது நிஜப்பூச்சி உட்காருவதுபோல் தண்ணீரில் உட்காரும். நான் வீசினால் பாதி நாள் பின்னால் இருக்கிற புதரில்தான் உட்காரும். ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மோட்டார் பம்பு மாட்டப் போன இடத்தில், அங்கிருந்த மேனேஜர் இவன் சும்மா இருக்கிறானே என்று என் கையில் தூண்டில் கழியைக் கொடுத்ததில் பிடித்த பைத்தியம் எனக்கு. நம் சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள்: "ஏனுங்க, பெட்ரோல் போட்டு மலையேறி, சீட்டு வாங்கி, மீனப் புடிச்சு, திருப்பித் தண்ணியில உட்டுட்டா வர்றீங்க?"  உன் கை நல்ல கைதான், ஆனால் உன்னிடம் ஒரு குறை உண்டு. கார் நின்றதும் நீ இறங்கி ஓடுவாய். நான் டிக்கியைத் திறப்பதற்குள் கழியை மாட்டிப் பூச்சியைக் கட்டியிருப்பாய். தண்ணீரின் முகத்தையே பார்க்க மாட்டாய். நான் பின்னால் வந்து பார்த்துக்கொள்வேன் என்ற தைரியம்.

சனிக்கிழமை அப்படிச் செய்யாதே. கார் நின்றதும் முதலில் தலையைத் தூக்கி ஓடை பிறக்கிற முகட்டைப் பார். நம் தலைக்கு மேல் வெயில் அடிப்பது ஒரு கணக்கே இல்லை. பங்குனி, சித்திரையில் மத்தியானத்துக்கு மேல் முகட்டில் ஒரு மேகம் வந்து குந்தும். அங்கே கொட்டுகிற மழை நமக்குத் தெரியாது. இங்கே நாம் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெயிலைத் திட்டிக்கொண்டிருப்போம். அந்த மேகத்தின் அடிவயிறு கறுத்திருந்தால், காலையில் மீன் எவ்வளவு நன்றாகக் கடித்தாலும் சரி, அக்கரைக்குப் போகாதே. இக்கரையில் நின்றபடியே பிடி. ஓடை உயர்ந்தால் நடந்து மேலே ஏறிவிடலாம். அக்கரையில் மாட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் வெறும் காடுதான். போவதற்கு முன்பே, நேற்று மேலே மழை உண்டா என்று அங்கே குடியிருக்கிறவர்களைக் கேள். மேலே அணை இருக்கிற ஓடையென்றால் தண்ணீர் திறக்கிறார்களா என்றும் கேள். கேட்பதில் வெட்கமென்ன?

அப்புறம் கரையில் உட்கார். உட்கார் என்றால் உட்கார், போனைப் பார்க்காதே. தண்ணீர் ஓரத்தில், சரியாக நனைகிற விளிம்பில், ஒரு வெள்ளைக் கல்லை வை. பத்து நிமிஷம் கழித்து அது எங்கே இருக்கிறது என்று பார். அப்புறம் பாறைகளைப் பார். வெயிலில் காய்ந்த சாம்பல் நிறத்துக்குக் கீழே, பாறையில் ஒரு ஈரப்பட்டை இருக்கும். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பட்டை அகலமாகத் தெரியும். ஏறிக்கொண்டிருந்தால் பட்டையே இருக்காது. காய்ந்த பாறையில் நேராகத் தண்ணீர் முட்டும். நிறத்தைப் பார். நம் ஓடை சாதாரணமாகவே லேசான கடுங்காப்பி நிறம்தான், மலைப்புல்லின் சாறு இறங்குவது. அதற்குப் பயப்படாதே, அடியில் கல் தெரிகிறதா என்று மட்டும் பார். பால் விட்ட டீயாக மாறினால், மூட்டையைக் கட்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது காய்ந்த சருகு. நிறம் மாறுவதற்கு முன்பே, கரையில் கிடந்த காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வரும். ஒன்றிரண்டு எப்போதும் வரும், மரம் உதிர்ப்பது. கும்பலாக வந்தால், மேலே எங்கேயோ தண்ணீர் கரையேறிக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். சத்தமும் மாறும். அதை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. காலையிலேயே கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டு வைத்துக்கொள், மாறினால் உனக்கே தெரியும்.

இதெல்லாம் நமக்கு. மீனுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பங்குனி ஓடை இளைத்துக் கிடக்கும், கண்ணாடியாட்டம் தெளிந்திருக்கும். நாம் மீனைப் பார்ப்பதற்குள் மீன் நம்மைப் பார்த்துவிடும். உன் நிழல் தண்ணீரில் விழாமல், கீழிருந்து மேலே, ஓட்டத்துக்கு எதிராகப் போ. கையைத் தண்ணீருக்குள் விட்டுக் கொஞ்ச நேரம் வை. விரல் எலும்பு வலித்தால் நல்லது, மீன் சுறுசுறுப்பாக இருக்கும். வெயில் ஏறி, கைக்குச் சுகமாக இருந்தால் நிறுத்திவிடு. அந்தச் சூட்டில் மீனுக்கு மூச்சே முட்டும். அதைப் போராட வைத்துவிட்டு, நல்லவர்கள் மாதிரி திருப்பி விட்டாலும் பிழைக்காது. ஒரு கல்லைப் புரட்டிப் பார். அடியில் ஒட்டியிருக்கிற புழு என்ன நிறம், என்ன அளவு என்று பார்த்துவிட்டு அதற்குத் தகுந்த பூச்சியைக் கட்டு. மாப்பிள்ளை யாரோ விற்கிற பளபள பூச்சிகளை ஒரு டப்பா நிறைய வாங்கி வைத்திருப்பதாகக் கேள்வி. பாவம், வாங்கியது வாங்கிவிட்டார். ஒன்றை வீசிப் பார்க்கட்டும்.

கால் வேலை என்றேனே, அதைச் சொல்ல வேண்டுமென்றால் போன வருஷம் நடந்ததைச் சொல்ல வேண்டும். உன் கல்யாணப் பேச்சு முடிந்து, நிச்சயத்துக்கு முன்னால், நானும் உங்கம்மாவும் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனோம், ஞாபகம் இருக்கிறதா? "எப்படிங்கப்பா இருந்துச்சு?" என்று நீ கேட்டதற்கு, "மழை வந்துச்சு கண்ணு, திரும்பிட்டோம்" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை. மழை வந்தது. திரும்பினோம். நடுவில் நடந்ததை விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

சம்பந்தி காவிரிக்கரையில் பிறந்தவர். மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் ஆற்றில் கிடந்தவர். நான் ஆயுசு முழுக்கப் பம்பு செய்து விற்றவன். தண்ணீரைப் பற்றி எங்கள் இரண்டு பேருக்கும் யாரும் பாடம் எடுக்க முடியாது என்று ஒரு நினைப்பு. உங்கம்மா இக்கரையில் ஒரு பெரிய பாறையில் சாப்பாட்டுத் தூக்குப்போசியும் பிளாஸ்க்குமாக உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் முழங்காலுக்குக் கீழேயிருந்த தண்ணீரில் பேசிக்கொண்டே அக்கரைக்கு நடந்துபோனோம். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, என்னுடைய இரண்டாவது கழியை வாங்கிக்கொண்டு நின்றார் அவர். நான் காட்டிக்கொடுத்ததை இரண்டு தரம் செய்து பார்த்தார். அப்புறம் ஒரு ட்ரவுட் வந்து மாட்டிக்கொண்டது. மனுஷன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! "ஆத்தாடி, என்னுங்க இது, இத்தினியூண்டு மீனு இந்த இழு இழுக்குது!" என்று சின்னப் பையன் மாதிரி குதித்தார். பிடித்து, தடவிக்கொடுத்து, தண்ணீரில் விட்டார். "இன்னொண்ணு பாத்தரலாமுங்க" என்றார்.

அப்போதுதான் நான் சருகைப் பார்த்தேன். கும்பலாக வந்தது. இக்கரையில் வைத்துவிட்டு வந்த வெள்ளைக் கல்லைத் தேடினேன், காணோம். முகட்டில் கறுப்பு. எனக்குத் தெரிந்துவிட்டது, கண்ணு. ஒரு வார்த்தை, "போலாமுங்க" என்றால் முடிந்தது. ஆனால் நான் பெண்ணைக் கொடுக்கப் போகிறவன். மாப்பிள்ளையின் அப்பா ஆசையாக இன்னொன்று பார்க்கலாம் என்கிறபோது, கிளம்புங்கள் என்று எப்படிச் சொல்வது? விருந்தாளியைப் பாதிப் பந்தியில் எழுப்புகிற மாதிரி இருந்தது எனக்கு. அதனால் சுற்றி வளைத்தேன்.

"ஏனுங்க, தண்ணி சித்தெ கலங்குனாப்ல தெரியுதுங்களா?"

"ஆமாங்க, எனக்கும் அப்படித்தான் படுது. ஆனா நீங்க பாத்துப் பழகுனவங்க. நீங்க சொன்னாச் செரிங்க."

"அப்படியெல்லாம் இல்லீங்க. உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யலாமுங்க."

"எனக்கென்னுங்க, நான் கூட வந்தவன். இருங்கன்னா இருக்கறேன், போலாம்னா போறேன்."

"உங்க சௌகரியமுங்க."

"அட, உங்க சௌகரியத்த மீறி எனக்கென்னுங்க சௌகரியம்?"

இப்படியே பேசிக்கொண்டிருந்தோம். தண்ணீர் இதற்கெல்லாம் காத்திருக்குமா? பின்னால் அவரே சொன்னார்: அவரும் எனக்கு முன்பே பார்த்துவிட்டாராம். "உங்கள அவசரப்படுத்துன மாதிரி ஆயிருமேன்னு சும்மா இருந்தேனுங்க" என்றார். இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் மற்றவர் வாயிலிருந்து வரட்டும் என்று கையில் கழியோடு நின்றிருக்கிறோம்.

அப்போது எதிர்க்கரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உங்கம்மா பாறை மேல் எழுந்து நின்றுகொண்டு கத்தினாள். "ரெண்டு பேருக்கும் கண்ணு அவிஞ்சா போச்சு? தண்ணி வர்றது தெரியலீங்களா? வெசையா வாங்க இந்தப் பக்கம்!" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சம்பந்தி வீட்டு மனிதர் முன்னால் தலையைக் கூட நிமிர்த்திப் பேசாதவள். அவள் போட்ட சத்தத்தில் நாங்கள் இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் இறங்கிவிட்டோம்.

தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது. அடி தெரியவில்லை, பால் டீ. கண் எதற்கும் உதவவில்லை. அவர் முழங்கையை என் முழங்கையில் கோத்துக்கொண்டு, தண்ணீர் வருகிற பக்கத்தைப் பார்த்தபடி, இடது காலை வைத்துத் தடவித் தடவி நகர்ந்தேன். நட்டநடுவில் என் பாதத்துக்கு அடியில் ஒரு கல் உருள ஆரம்பித்தது. முழுசாக உருளவில்லை, ஆரம்பித்தது. அந்த அசைவு உள்ளங்காலில் தெரிந்ததும் பாரத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு தட்டைப் பாறையை விரல்களால் தேடிப் பிடித்து அழுத்தி நின்றேன். அதே நேரம் சம்பந்தி வழுக்கி இடுப்பு வரை தண்ணீருக்குள் போய்விட்டார். என் கால் அந்தப் பாறையில் இல்லாமல் போயிருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம். கழி போய்விட்டது, அவர் துண்டு போய்விட்டது. எப்படியோ கரையேறினோம். உங்கம்மா எங்களைப் பாறையில் உட்கார வைத்தாள். பிளாஸ்க்கிலிருந்து காப்பியை ஊற்றிக் கொடுத்தாள். அப்புறம் அவரிடம், "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா, மரியாதையில்லாமக் கத்திப்போட்டேன்" என்றாள்.

அவர், "நீங்க கத்தலீன்னா தங்கச்சி, நாங்க ரெண்டு பேரும் மரியாதையாவே அடிச்சுட்டுப் போயிருப்போமுங்க" என்றார்.

நிச்சயத்துக்கு முன்னால் இது அபசகுனப் பேச்சாகிவிடும் என்று மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டோம். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது உங்கம்மாவின் வாயும் என் இடது காலும்தான். சம்பந்திக்கு அது தெரியும். அதனால்தான் என்னை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவேன் என்கிறார். அவர் நம்புகிற அந்தக் கால் இப்போது இல்லை, கண்ணு.

தை மாதம் உன் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ஆர்.எஸ்.புரம் போனோம். உங்கம்மா வழக்கம்போல் கடையையே புரட்டிப் போட்டு ஒன்றை எடுத்தாள். வெளியே வந்து வெயிலில் கார் வரை நடந்து கதவைத் திறக்கிறேன், பின்னால் கடைக் காவலாளி ஓடி வருகிறார். "ஏனுங்க சார், உங்க செருப்புங்க." பார்த்தால் என் இடது காலில் செருப்பு இல்லை. கடைப் படியிலேயே கழன்றிருக்கிறது. கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு அத்தனை தூரம் நடந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. "ஞாபக மறதி" என்று சிரித்துச் சமாளித்தேன். உங்கம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பாதத்தைப் பார்த்தாள், கொப்புளம் எழும்பியிருந்தது. மறுநாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த டாக்டரம்மா என்னைப் படுக்க வைத்து, ஒரு சின்னக் குச்சியில் பொருத்திய நைலான் இழையை எடுத்தார். பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்தது. நாம் பூச்சியைக் கட்டுகிற தூண்டில் நூலின் கடைசி இழை மாதிரியே இருந்தது. "கண்ண மூடிக்குங்க. கால்ல இத வெப்பேன், தெரிஞ்சாச் சொல்லுங்க" என்றார். மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் ஆயிற்று. பாவம், அந்தம்மா வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்களே என்று எனக்கு ஒரு சங்கடம். "தெரியுதுங்க டாக்டர்" என்றேன்.  அப்புறம் உங்கம்மாவின் குரல்: "அவங்க இன்னும் வெக்கவே இல்லீங்க."

டாக்டர் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன். அப்புறம் நான் கண்ணைத் திறந்துகொண்டு, மறுபடி வைத்துப் பார்க்கச் சொன்னேன். இழை வளைகிற அளவுக்கு இடது உள்ளங்காலில் அழுத்துகிறார். அழுத்துவது கண்ணுக்குத் தெரிகிறது. கால் யாருடையதோ மாதிரி கிடக்கிறது. வலது காலில் கொஞ்சம் தெரிகிறது. சர்க்கரை, நரம்பு என்று விளக்கமாகச் சொன்னார். வீட்டுக்குள்கூட செருப்பில்லாமல் நடக்கக் கூடாதாம். "தண்ணியில நிக்கலாங்களா டாக்டர்?" என்று கேட்டேன். என்ன தண்ணீர், எங்கே என்று விசாரித்துவிட்டு, "அடிபட்டாக்கூட உங்களுக்குத் தெரியாதுங்க. பாத்து நீங்களே ரோசிச்சுக்குங்க" என்றார். அவரும் நம்ம ஊர்தான். "கூடாது" என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

உங்கம்மாவுக்கும் வரவில்லை. நான் டப்பில் அந்தக் கால்சட்டையோடு நின்றதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். பின்னாலேயே போய், "அன்னைக்கு அந்தக் கத்து கத்துனியே, இன்னைக்கு மட்டும் எதுக்குச் சும்மா இருக்கற?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஓடையில நிக்கறவங்கள வெளிய வாங்கன்னு கத்தலாமுங்க. இனி எப்பவுமே எறங்காதீங்கன்னு எப்படிங்க சொல்றது?" எனக்குத் தாங்கவில்லை, கண்ணு. வெளியே வந்து அந்த ஈரக் கால்சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அழுகை வந்தது. ஒரு ஓடையில் இறங்க முடியாததற்கு அழுவானா ஒரு மனுஷன் என்று நீ கேட்கலாம். அழுதேன்.

வீட்டில் யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை என்பதால் நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். உனக்கும் சேர்த்து எழுதுகிறேன். சனிக்கிழமை நான் தண்ணீரில் இறங்கப் போவதில்லை. போன வருஷம் உங்கம்மா உட்கார்ந்த பாறையில் அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்துகொள்வேன். முகட்டையும் சருகையும் நான் கரையிலிருந்தே பார்க்கிறேன்; அதற்குக் கால் தேவையில்லை. நான் சத்தம் போட்டால், மாமனார் முகத்தைப் பார்க்காமல், மாப்பிள்ளையிடம் யோசனை கேட்காமல், எல்லாரையும் கிளப்பிக்கொண்டு வா. நான் சத்தம் போடுவதற்கு முன்பே உனக்குப் பட்டுவிட்டால், எனக்காகவும் காத்திருக்காதே. மருமகள் எப்படி மாமனாரை அதட்டுவது என்று தயங்குவாய், எனக்குத் தெரியும். "தண்ணி எப்படிங்க மாமா இருக்குது?" என்று மட்டும் கேட்டுவிடாதே. கேட்டால் அவர், "நீ சொன்னாச் செரி அம்மணி" என்பார், நீ "இல்லீங்க மாமா, நீங்க சொல்லுங்க" என்பாய், நாங்கள் போன வருஷம் நின்ற அதே இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். கேட்காதே. "கெளம்பலாமுங்க மாமா" என்று சொல்லிவிட்டு நீ முன்னால் நட. பின்னாலேயே வருவார், நல்ல மனிதர்.

இன்னொன்று. நான் உட்கார்ந்திருப்பேன் என்று எழுதிவிட்டேன். எழுதுவது சுலபம். ஐந்து மணி வாக்கில் வெயில் சாய்ந்து, பூச்சி பறக்க ஆரம்பித்து, அந்த வளைவுப் பாறைக்குக் கீழே மீன் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறக்கும் பார், அப்போது நான் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். "சும்மா ஓரத்துல ரெண்டடி" என்று எழுந்துவிடுவேன். ஓரம் என்று ஒன்று கிடையாது, வழுக்குகிற கல் ஓரத்தில்தான் இருக்கிறது. உங்கம்மாவால் சொல்ல முடியாது. நீ சொல். "பாத்துப் போங்கப்பா" என்று சொல்லாதே, அதைக் கேட்டால் போய்விடுவேன். "வேண்டாம், உக்காருங்கப்பா" என்று சம்பந்தி முன்னால், மாப்பிள்ளை முன்னால், உங்கம்மா கத்தின கத்து கத்து. எனக்குக் கோபம் வரும். மலை இறங்குகிற வழியெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். மேட்டுப்பாளையத்தில் ஒரு டீ வாங்கிக் கொடு, சரியாகிவிடும்.

அந்தக் கால்சட்டையைத் துடைத்துக் காயப்போட்டு, மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கொண்டுவருகிறேன். சம்பந்திக்கும் என் உயரம்தான். ஓடைக்குப் போனதும், அப்பாவுக்குக் கால் சரியில்லை என்று நீயே அவரிடம் சொல்லி, அதை அவருக்குப் போட்டுவிடு. "அட, வேண்டாமுங்க, நீங்க போடுங்க" என்பார். நானும் மரியாதைக்கு, "செரி, குடுங்க" என்று கையை நீட்டினாலும் நீட்டுவேன். என்னிடம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா